இரண்டு முடிச்சுள்ள நூல்துண்டு

அந்தப் பட்டியல் என் கையெழுத்தில் இருக்கிறது. மாட்டாஸ்பத்திரியின் பின்பக்கம், தகரக் கொட்டகைக்குக் கீழே, ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினேன். மொத்தம் பதினாறு வரிகள். பதினோராவது வரி: 'இரைப்பையில் கிடைத்த நூல்துண்டு ஒன்று, இரண்டு முடிச்சுகளுடன்.' மற்ற வரிகளெல்லாம் நேராக இருக்கும். அந்த ஒரு வரி மட்டும் வலப்பக்கம் இறங்கியிருக்கும். இருபது வருடமாகக் கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பழகிய கை, அந்த வரியில் இறங்கிவிட்டது.

எனக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கணவர் நூற்பாலையில் ஷிப்ட் வேலை. ஒரே மகள். இதை எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு நாயின் சாவில்தான் தொடங்கவேண்டியிருக்கிறது. வேறு எங்கே தொடங்கினாலும் நான் செய்தது நியாயம் போலத் தெரியத் தொடங்கிவிடுகிறது.

நாய் பக்கத்து வீட்டுக்காரருடையது. அவருக்குப் பஞ்சு வியாபாரம். வீட்டில் அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். அந்தப் பெண்ணுக்கு இருபத்துமூன்று வயதிருக்கும். வெளியே அதிகம் வரமாட்டாள். எங்கள் இரு வீட்டுக்கும் பின்பக்கத்தில் ஒரே மதில். துணி காயப்போடும்போது மதிலுக்கு மேலே அவள் முகம் பாதி தெரியும். நாய் எங்கள் ஊர் ஜாதிதான். முழு வெள்ளை, ரோஸ் மூக்கு. அவர் அதைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கும்போது ஆட்கள் கடைப்படியில் ஏறி வழிவிடுவார்கள். அந்த ஐப்பசியில் கேட் திறந்திருந்த ஒரு சாயங்காலம், டியூஷன் முடிந்து வந்த என் மகளின் தாவணியை அது கிழித்துவிட்டது. அவள் அழுதுகொண்டே வந்து, "இந்தச் சனியன் சாகாதா" என்றாள். நான் என்ன சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது. "நீ எதுக்கு அவிய வீட்டை ஒட்டி வாரே? எதிர்ச்சாரியில வரவேண்டியதுதானே?"

மாசி மாதத்தில் ஒருநாள், பால் வாங்கக் கதவைத் திறந்தபோது, அந்த நாய் எங்கள் வாசலில் கிடந்து கால்களை உதைத்துக்கொண்டிருந்தது. வாயில் நுரை. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. பால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலேயே, "மருந்து வச்சிட்டானுக" என்றார். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பனியனோடு ஓடிவந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி, "எவன்லே வச்சது, ஆம்பளையா இருந்தா முன்னால வாலே" என்று கத்தினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அவருக்கு அங்கே பழக்கம் இருந்தது.

அன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. பத்து மணிக்குச் சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு ஏட்டும் வந்தார்கள். கூறுபோட்டுப் பார்க்கும்போது உடனிருந்து கையெழுத்துப் போட ஊரில் மதிப்புள்ள இரண்டு சாட்சிகள் வேண்டுமாம். தெருமுனை மளிகைக்கடை பாயைப் பிடித்துவிட்டார்கள். இரண்டாவது ஆளாக என்னைக் கூப்பிட்டார்கள்.

"நாய்க்குப் போஸ்ட்மார்ட்டம் டீச்சர். எங்க ஸ்டேஷன்ல இதுதான் முதல் தடவை" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"மனுசன் செத்தாக்கூட இம்புட்டு வேகமாத் தூக்க மாட்டோம்" என்றார் ஏட்டு.

பாய் என் பக்கம் திரும்பி, "நான் தூரமா நின்னுக்கிடுதேன் டீச்சர். நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க, நான் போட்டுருதேன் கையெழுத்தை" என்றார்.

நானும் சிரித்தேன். அதுதான் அந்த வருடத்தில் நான் கவலையில்லாமல் சிரித்த கடைசிச் சிரிப்பு என்று நினைக்கிறேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டருக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். கத்தியை எடுப்பதற்கு முன்னால் வெகுநேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். கால் நகங்களை, ஈறை, காதின் உட்புறத்தை. கம்பவுண்டர் தாளும் பேனாவுமாக நின்றபோது, "உன் எழுத்தை நீயே திரும்பப் படிக்க மாட்டே. டீச்சர், நான் சொல்லச்சொல்ல நீங்க எழுதறீங்களா?" என்றார். எழுதுகிறேன் என்றேன்.

முதலில் கழுத்துப் பட்டையைக் கழற்றினார். அடியில் முடியே இல்லாமல் ஒரு வளையம் மினுமினுப்பாக இருந்தது. "பட்டை உரசின தழும்பு இப்படி இருக்காது. இது கம்பி. எழுதிக்குங்க." எழுதினேன். தோலை விலக்கி விலா எலும்புகளுக்கு வந்தபோது கையுறையின் மேலாக விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். இடது பக்கம் மூன்று இடங்களில் விரல் நின்றது.

"இது உடைஞ்சு கூடி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இது அதுக்குப் பிறகு. இங்க பாருங்க, இது இன்னும் கூடிட்டே இருக்கு. ஒரு மாசம்கூட இருக்காது. மாடியில இருந்து விழுந்தா எல்லாம் ஒரே நாள்ல உடைஞ்சிருக்கும். இது தவணை தவணையா உடைஞ்சிருக்கு."

ஏட்டு கொட்டகைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். நாய்க்காரர் வேப்பமரத்தடியில் சப்-இன்ஸ்பெக்டரோடு பேசிக்கொண்டிருந்தார். ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "சார், விஷத்தைப் பத்தி மட்டும் எழுதினாப் போதாதா? புகார் குடுத்தவரே அடிச்சாருன்னு போனா எங்களுக்குத்தான் தலைவலி."

"யார் அடிச்சாங்கன்னு நான் எழுதலையே. அடிக்கு என்ன வயசுன்னு எழுதறேன்" என்றார் டாக்டர்.

அதையும் எழுதினேன். ஏழாவது, எட்டாவது, பத்தாவது விலா. காயங்கள் வெவ்வேறு காலத்தவை. அழகாக, எண் தப்பாமல் எழுதினேன். ஒரு சொல்லும் எனக்குள் போகவில்லை. வகுப்பில் பெண்கள் நோட்டில் கணக்கைப் பார்த்து எழுதிக்கொள்வார்களே, அதுபோல எழுதினேன்.

பிறகு இரைப்பையை இரண்டு பக்கமும் கட்டி வெட்டி எடுத்து, எனாமல் தட்டில் வைத்துத் திறந்தார். பூச்சிமருந்து வாடை குப்பென்று வந்தது. பருத்திக்காட்டுப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரிந்த வாடைதான். பாய் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னும் நாலடி பின்னால் போனார். டாக்டர் இடுக்கியால் கறுத்த துண்டு ஒன்றைத் தூக்கினார். "உப்புக்கண்டம். சரியா மெல்லக்கூட இல்ல, அப்படியே விழுங்கியிருக்கு." அந்தத் துண்டிலிருந்து ஒரு நூல் தொங்கியது. அதைத் தண்ணீரில் அலசி ஒரு கண்ணாடித் தகட்டில் நீளமாகப் போட்டார்.

அது என் நூல்.

வெயில் காலத்தில் எங்கள் பக்கத்தில் உப்புக்கண்டம் போடாத கறி சாப்பிடுகிற வீடு குறைவு. மஞ்சளும் உப்பும் தடவிய கறித்துண்டுகளை நூலில் கோத்து மாடியில் கட்டுவோம். பெரும்பாலோர் மாலை கோப்பதுபோலக் கோத்துவிடுவார்கள். துண்டோடு துண்டு ஒட்டுகிற இடத்தில் ஈரம் நின்று ஈ முட்டை வைத்துவிடும். அதனால் நான் மில்லிலிருந்து வரும் கழிவு நூலை நாலு இழையாக முறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் இருபுறமும் ஒரு முடிச்சுப் போடுவேன். முடிச்சு நூலோடு நகர்ந்துவிடாமல் இருக்க, போட்ட முடிச்சுக்குள்ளேயே இன்னொரு முறை வளைத்து இழுப்பேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, நானாகக் கண்டுபிடித்தது. ஒரு புளியங்கொட்டையைப் பாதியாக உடைத்தாற்போல இருக்கும். தகட்டில் அந்த இரண்டு பாதிப் புளியங்கொட்டைகளும் விரற்கடை தூரத்தில் கிடந்தன.

"எழுதுங்க டீச்சர். நூல்துண்டு ஒன்று, இரண்டு முடிச்சுகளுடன்."

'இரைப்பையில் கிடைத்த நூல்துண்டு ஒன்று' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். முடிச்சை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன்.

கடைசியில் அவர் தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். பதினொன்றில் நின்றார். "முடிச்சை விட்டுட்டீங்களே."

"அது முக்கியமா டாக்டர்?"

"எது முக்கியம்னு நமக்கு இப்பத் தெரியாது. பாத்தது பூராவும் எழுதிரணும். அப்புறமா வேற யாரோ ஒருத்தருக்கு அது தேவைப்படும்."

புள்ளியைக் காற்புள்ளியாக மாற்றி, மிச்சத்தை எழுதினேன். வரி சாய்ந்தது அப்போதுதான். வாய் அகன்ற கண்ணாடிப் புட்டிகளில் உறுப்புகளைப் போட்டு, இனிக் கரையாது என்னும்வரை உப்பைக் கரைத்த தண்ணீரை ஊற்றினார். நூலுக்குத் தனிப் புட்டி. விஷம் தேடும் பரிசோதனைக்கு உப்புத்தண்ணீரில்தான் மதுரைக்கு அனுப்ப வேண்டுமாம். நான் உப்புப் போட்டுக் காயவைத்தது திரும்பவும் உப்புக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியைச் சுற்றி அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். லேபிளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

"இந்த மாதிரி முடிச்சை உங்க தெருவுல யார் வீட்டுலயாவது பாத்திருக்கீங்களா டீச்சர்?" டாக்டர் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"இல்லை" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிப் பரணுக்குப் போனேன். கண்டத்தை வைத்திருந்த பானையை இறக்கினேன். கடைசிச் சரத்தில் பதினொரு துண்டு கோத்திருந்தேன், அது நன்றாகத் தெரியும். ஆறுதான் இருந்தது. நூலின் ஒரு முனை பல்லால் கடித்ததுபோலப் பிய்ந்திருந்தது. குளியலறை அலமாரியில், ரோஜாச் செடிக்கென்று கணவர் வாங்கி வைத்த பூச்சிமருந்துப் புட்டி இருந்தது. அது குறைந்திருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. முன்பு எவ்வளவு இருந்தது என்று யார் பார்த்தார்கள்? ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.

மகள் முன்னறையில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ. பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. காலைக் கட்டிக்கொண்டு, முழங்காலில் புத்தகத்தைச் சாய்த்து, உதடு அசையப் படிப்பது அவள் வழக்கம். அவளைப் பார்த்தேன். அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நாய் செத்துக் கிடந்ததை அவள் மாடியிலிருந்து பார்த்தாள், இறங்கி வரவில்லை. கண் சிவந்திருந்தது. இதையெல்லாம் நான் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். டாக்டர் விலா எலும்பைத் தடவியதுபோல என் மகளைத் தடவித் தடவி, அவள் குற்றத்தை நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நாயை நீ ஏதும் செய்தாயா என்று, அவ்வளவுதான். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்லிவிட்டால் பிறகு நான் தெரிந்துகொண்டே பொய் சொன்னவள் ஆகிவிடுவேன். தெரியாதவரைக்கும் நான் வெறும் தாய்.

வெந்நீர் அடுப்பில் மிச்சச் சரத்தைப் போட்டு எரித்தேன். புட்டியைக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். "என்னம்மா வாடை?" என்று உள்ளே வந்தாள்.

"ஒண்ணுமில்ல. நீ துணிமணியை எடுத்து வை. நாளைக்கு மம்சாபுரம் போற. மாமா வீட்டுல இருந்து படி."

"பதினெட்டு நாள்தான் இருக்கும்மா. இங்கயே படிக்கேன்."

"போன்னா போ."

"ஏம்மா?"

"கேக்காத."

மம்சாபுரத்தில் இருப்பது என் தம்பி வீடு. கணவரிடம்கூட நான் காரணம் சொல்லவில்லை. தெருவில் போலீஸ் வந்து போகிறது, வயசுப்பிள்ளை வீட்டில் இருக்கிறாள் என்றேன். அவர் ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் தலையாட்டினார். அவளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனபோது வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தம்பி மனைவி என்னை அடுப்படிக்குள் இழுத்து, "யாரு மதினி பையன்? நம்ம ஆளா?" என்று கேட்டாள். பரீட்சைக்கு முன்னால் ஒரு பெண்ணை ஊரை விட்டுக் கூட்டி வந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை மறுத்தால் உண்மைக் காரணத்தைச் சொல்ல வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் மகளின் தலையில் இல்லாத ஒரு பையனை நானே கட்டிவைத்தேன்.

ஏட்டு இரண்டு முறை தெருவுக்கு வந்தார். "யார் யார் வீட்டுல உப்புக்கண்டம் போடுவாக?" என்று கேட்டுக்கொண்டு போனார். "எல்லார் வீட்டுலயுந்தான் போடுவோம். வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று எதிர்வீட்டு அம்மாள் சிரித்தாள். என் கதவுக்கு வந்தபோது, இந்த வருடம் நாங்கள் போடவில்லை என்றேன். அவர் போன பிறகும் நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். அன்றே முடிவு செய்துவிட்டேன், பரீட்சைக்கும் அவளைக் கூட்டி வருவதில்லை என்று. அவள் பள்ளிக்கு மஞ்சள்காமாலை என்று எழுதிக் கொடுத்தேன். அவளுடைய ஹால்டிக்கெட் என் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருந்தது. பரீட்சை நாட்களில் நான் வேறொரு பள்ளியில் கண்காணிப்புக்குப் போனேன். யாரோ ஒரு பெண் வராமல் ஓர் இடம் காலியாக இருந்தது. மூன்று மணி நேரமும் அந்தப் பெஞ்சைச் சுற்றித்தான் நடந்தேன்.

ஊரை விட்டு அவளை அனுப்பிவிடும் அவசரத்தில் ஆவணியிலேயே அவளுக்குக் கல்யாணத்தை முடித்தேன். மாப்பிள்ளைக்குச் சேத்தூரில் வயல் இருந்தது, மோட்டார் பைக்கில் ராஜபாளையம் வந்து போகிறவர். "படிச்சுட்டுப் பண்ணிக்கிடுதேம்மா" என்று அவள் ஒரே ஒருமுறைதான் சொன்னாள். பிறகு சொல்லவில்லை. நாய் வழக்கைக் குற்றவாளி தெரியவில்லை என்று முடித்துவிட்டதாக ஏட்டு பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னார். "மதுரையில இருந்து விஷம்னு வந்துச்சு டீச்சர். அதுதான் மூக்குக்கே தெரிஞ்சதே." அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டிலிருந்து எனக்குச் சம்மன் வந்தது. நாய் செத்த மறுமாதமே பக்கத்து வீட்டுப் பெண் வன்னியம்பட்டியில் இருந்த தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள், திரும்பவில்லை. அவள் கணவர் மேல் போட்ட வழக்கில்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எதற்கென்று புரியவில்லை.

கோர்ட் வராந்தாவில் அந்த டாக்டர் உட்கார்ந்திருந்தார். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார், அதனால் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்ததாகச் சொன்னார். நான் தள்ளிப் போய்த் தூணோரம் நின்றேன். அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் முகம் முழுதாகத் தெரிந்தது. மதில் இல்லாமல் அவளைப் பார்ப்பது அதுதான் முதல்முறை.

"டீச்சர், செத்த நேரம் இப்படி வாங்க." குழாயடிக்குக் கூட்டிப் போனாள். "எங்க வக்கீலு நாயோட ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிட்டாரு. அந்த வீட்டுல அடி நடந்ததுக்கு அது ஒரு ஆதாரமாம். அவருக்கு விசயம் தெரியாது. நான் சொல்லல. உள்ள அந்த முடிச்சைப் பத்திக் கேட்டா, அன்னைக்கு ஏட்டுக்கிட்ட மறைச்சாப்புலயே இன்னைக்கும் தெரியாதுன்னு சொல்லிருங்க டீச்சர்."

"எந்த விசயம்?"

அவள் என்னை நம்பாததுபோலப் பார்த்தாள். "நீங்க குடுத்த சரந்தானே டீச்சர். மதில் மேல வச்சுக் குடுத்தீகளே."

கொடுத்திருந்தேன். தை மாதத்தில். வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டும்போல இருக்கிறது என்று சொன்னாள். ஒரு சரத்தை இலையில் சுற்றி மதில்மேல் வைத்தேன். அவருக்குத் தெரியக்கூடாது என்று சேலைக்குள் வைத்துக்கொண்டு போனாள். கொடுத்ததை நான் மறக்கவில்லை. எண்ணிக்கைக்கு எடுத்துக்கொள்ளவே இல்லை. என் பயம் என் வீட்டு வாசலைத் தாண்டிப் போகவில்லை.

"என்னையும் அதையும் ஒரே கம்புலதான் அடிப்பாரு" என்றாள். "அவரு வெளிய போனா அதைப் பின்வாசல்ல குறுக்கக் கட்டிட்டுப் போவாரு. ரெண்டு தடவை எங்க அம்மா வீட்டுக்குப் போகப் பாத்தேன். சேலையைக் கவ்விக்கிட்டு விடல. அதுக்கு என்ன தெரியும், சொன்னதைச் செஞ்சுது. பருத்திக்கு அடிக்கிற மருந்து வீட்டுலயே இருந்துச்சு. அது என் கையில இருந்துதான் வாங்குச்சு டீச்சர். வாலை ஆட்டிக்கிட்டே வாங்குச்சு." சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள். "கட்டை அவுத்துக்கிட்டு உங்க வாசலுக்கு வரும்னு நினைக்கல. ஏட்டு தெருவுல கேட்டுக்கிட்டு வந்தப்ப உங்க வீட்டுக் கதவுக்கு வந்தாரு. நான் சன்னல்ல நின்னு கேட்டேன். போடவே இல்லைன்னு சொன்னீக. என்னையக் காப்பாத்துனது நீங்கதான்."

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நான் உன்னைக் காப்பாற்றவில்லை, உன்னை நினைக்கக்கூட இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கோர்ட் டவாலி என் பேரைக் கூப்பிட்டுவிட்டார்.

உள்ளே மாஜிஸ்திரேட் தாளைப் புரட்டிவிட்டு, "இது என்ன, நாயோட போஸ்ட்மார்ட்டமா?" என்றார். பின்வரிசையில் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். கழுத்தில் கம்பித் தழும்பு. ஏழாவது விலா, ஒரு வருடத்துக்கு முந்தையது. எட்டாவது அதற்குப் பின். பத்தாவது, சாவுக்கு ஒரு மாதத்துக்குள். என் சொற்கள்தான். அந்த அறையில் முதன்முறையாக அவற்றைக் கேட்டேன். இந்த மூன்று எலும்புகளும் என் கண்ணுக்கு எதிரே திறந்து கிடந்தன. எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவை சொல்லிக்கொண்டிருந்தன. நான் நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதிலுக்கு மேலே பாதி முகம் மட்டும் காட்டிய பெண் ஏன் மீதி முகத்தைக் காட்டவில்லை என்று அவள் அங்கே இருந்தவரை நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

"இது உங்க கையெழுத்தா?" என்று என்னிடம் கேட்டார்கள். "ஆமாம்" என்றேன். முடிச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மூன்று நிமிடத்தில் போகச் சொல்லிவிட்டார்கள்.

ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன். வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே சேத்தூர் பஸ்ஸுக்கு மாறினேன். மகள் வீட்டு வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வயலுக்குப் போயிருந்தார். "வாம்மா. என்ன, சொல்லாமக் கொள்ளாம?" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செம்பைக் கீழே வைக்காமலேயே சொல்லிவிட்டேன். நூல், முடிச்சு, குறைந்த ஐந்து துண்டு, எரித்தது, கொட்டியது, மம்சாபுரம். கோர்ட்டில் கேட்டதையும் சொன்னேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நாய்க்கா?" என்றாள். "நாய்க்காகவா என்னைய அனுப்புன?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அந்த அஞ்சு துண்டையும் அதுக்குத்தாம்மா போட்டேன். தாவணியைக் கிழிச்ச பொறவு சயின்ஸ் மிஸ்சுதான் சொன்னாக, பயந்து ஓடினா தொரத்தும், பழகிக்கோன்னு. டெய்லி பன்னு வாங்கிப் போடுவேன். பன்னு இல்லாத அன்னைக்கு உன் சரத்துல இருந்து ஒண்ணு பிச்சுட்டுப் போவேன். என்னையக் கண்டா கேட்டுக்கு அந்தப் பக்கம் மல்லாந்து படுத்துக்கிடும். விலாவைத் தொட்டா மட்டும் கத்தும்."

விலாவைத் தொட்டால் கத்தும். டாக்டர் வெட்டித் திறந்து கண்டுபிடித்ததை என் மகள் கேட் கம்பிக்குள் கைவிட்டுத் தெரிந்து வைத்திருந்தாள். அன்று காலையில் அவள் சாப்பிடாததும் கண் சிவந்ததும் அதற்காக.

"அத்தையும் மாமாவும் 'யாரு அந்தப் பையன்'னு கேட்டாக. நீயும் அப்படித்தான் நினைக்கேன்னு இருந்தேன்" என்றாள். "எந்தப் பையனா இருக்கும்னு நானே உக்காந்து யோசிச்சுப் பாத்திருக்கேம்மா. டியூஷன்ல கூடப் படிச்சவன், பஸ்ல வாரவன், ஒருத்தன் விடாம. யாரைப் பாத்துச் சிரிச்சோம், எதை நீ பாத்தேன்னு." அவள் குரல் உயரவில்லை. "ஒருதரம் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவள் அரிசியை அள்ளிப் பானையில் போட எழுந்தபோது சேலை ஒதுங்கி, இடது மணிக்கட்டுக்கு மேலே நீளமாக ஒரு தடம் தெரிந்தது. பழுப்பாக, ஓரங்களில் தோல் உரிந்து. என் கண் அதிலேயே நின்றுவிட்டது. இது புதுசா, பழசா, ஒரு வாரமா, ஒரு மாதமா என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். அவசரமாக அவளைப் பிடித்துக் கொடுத்த வீடு இது. மாப்பிள்ளையைப் பற்றி நான் யாரிடமும் விசாரித்ததில்லை. விசாரிக்க நேரமில்லை என்று அப்போது நினைத்தேன்.

அவள் என் பார்வையைப் பிடித்துவிட்டாள்.

"பாக்காதம்மா. கேளு."

கேட்டேன். என்ன தடம் என்று கேட்டேன். அவர் உன்னை அடிக்கிறாரா என்றும் கேட்டேன். வார்த்தை ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் வந்தது.

"சோறு வடிக்கையில ஆவி அடிச்சிருச்சு" என்றாள், பானையைக் கழுவிக்கொண்டே. "அவரு அப்படியெல்லாம் இல்ல."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆவி பட்ட தோல் எப்படி உரியும், எத்தனை நாளில் ஆறும் என்றும் தெரியாது. கேட்டிருக்கவேண்டிய காலத்தில் கேட்காதவளுக்கு அவள் ஏன் உண்மையைச் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. அடுத்த நிமிடமே, சொன்னது உண்மையாகத்தான் இருக்கும், அவள் பொய் சொன்னதே இல்லையே, நான்தான் சொன்னேன் என்றும் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சேத்தூர் போய் வருகிறேன். போனதும் முதலில் கேட்கிறேன், எப்படி இருக்கே, ஏதாச்சும் உண்டா என்று. அவள் பதில் சொல்கிறாள், நான் கேட்டுக்கொள்கிறேன். கையைப் பார்க்காமல் இருக்கத்தான் இன்னும் எனக்கு வரவில்லை.